இல்லாத இலவ மரத்துக்குத் தெற்கே நூறு மீட்டர்

திங்கட்கிழமை காலையில் கிரெத்தெல் உமான்யா படியேறி வரும் சத்தத்தை வைத்தே அந்த ஆபீஸில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள், அம்மாள் சனி ஞாயிறில் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாளா இல்லையா என்று. ஒவ்வொரு படியாக ஏறினால் ஒன்றுமில்லை, பிழைத்தோம். இரண்டிரண்டாகத் தாவினால் தொலைந்தது. தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் பக்கத்து மேஜை ரண்டாலைப் பிடித்துக்கொள்வாள். அன்று மதியம்வரை அவனுக்கு விடுதலை கிடையாது.

"இந்த வார மாப்பிள்ளை யாரு தாயே?" என்பான் ரண்டால் சொலானோ, காபியிலிருந்து தலையை எடுக்காமல்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இது வேற மாதிரி. இந்த டேட்டாபேஸ்ல எதையும் அழிக்கவே முடியாது தெரியுமா? பழசு பழசாவே இருக்கும், புதுசு அது மேல வந்து உக்காரும். எந்தத் தேதியில எப்படி இருந்துச்சுன்னு கேட்டாலும் சொல்லும்."

"போன மாசம் வந்தவனையும் வேற மாதிரின்னுதான் சொன்னீங்க. தெருவும் மூலையுமா முடிச்சு போட்டு வலை பின்னுவான்னு ஒரே புகழ்ச்சி. இப்ப அவன் எங்க?"

"அவன் இருக்கான் ஒரு ஓரமா. இப்ப இவனைப் பாருங்க."

கிரெத்தெல் அப்படித்தான். நாற்பது தாண்டியவள். துரியால்பா மலைப்பாதையில் பஸ் ஓட்டியவரின் மகள். காபிக்கொட்டை எடைபோடும் இடத்தில் கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவள், ஒரே விவசாயியின் பெயர் மூன்று விதமாகப் பதிந்து கிடப்பதைப் பார்த்து எரிச்சலாகி, 'இந்தப் புரோகிராமை எந்தப் புண்ணியவான் எழுதினான்' என்று கேட்டாள். ஊரை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். அவளே உட்கார்ந்து சரிசெய்தாள். அன்றைக்குப் பிடித்த பித்து இன்றுவரை தெளியவில்லை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, சத்தமில்லாமல் முடிந்தும் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வாள். புதிதாக வந்த டேட்டாபேஸைப் பற்றிக் கேட்டால் காபி ஆறி ஆடை கட்டும்வரை சொல்வாள். அவளுடைய நாய்க்குப் பெயர் நுலோ. டேட்டாபேஸ்காரர்கள் பாஷையில் வெற்று, ஒன்றும் இல்லை என்று பொருள். அதுவும் அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடக்கும்.

ஹெரேதியா என்ற ஊரில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் முதலாளி தோன் எலாதியோவையும் (ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா என்பது அங்கே மரியாதை) சேர்த்து நான்கே பேர். அவர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் ஒரே வாடிக்கை. வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கூட்டுறவு மருந்தகம். யாருக்கு என்ன மருந்து, எப்போது என்பதெல்லாம் கிரெத்தெல் எழுதிய டேட்டாபேஸில் பளிச்சென்று இருந்தது. தகராறு முழுக்க விலாசத்தில்தான்.

அங்கே யாருடைய வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. இருந்தாலும் யாரும் சொல்வது கிடையாது. 'இலவ மரம் இருந்த இடத்திலிருந்து தெற்கே நூறு மீட்டர், கிழக்கே ஐம்பது, இடது கை, பச்சை கேட்' என்பார்கள். அதுதான் விலாசம். தபாலிலும் சரி, கல்யாணப் பத்திரிகையிலும் சரி, கோர்ட்டு நோட்டீஸிலும் சரி, அப்படித்தான் எழுதியிருக்கும். இலவ மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அதனால் என்ன? மரம் போனாலும் இடம் எங்கே போகும் என்பது ஊராரின் எண்ணம். பழைய ஓட்டுநர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக, புதிதாக வந்த பையன்கள் இல்லாத மரத்தைத் தேடி மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு மருந்துப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இந்தச் சமயம் பார்த்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உள்ளே நுழைந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் போனில் மேப்பைத் திறந்து தன் வீட்டின்மேல் விரலை வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான், மீதியை எங்கள் சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அழுத்தத் தெரியாதவர்கள்? அவர்கள் கவுண்டருக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். மருந்தகத்தின் மேலாளர் தோன்யா ஸினியா பர்ராந்தெஸ் கறாரான மனுஷி. ஆனாலும் பழகிய தோஷத்துக்கு எலாதியோவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வருவேன், நான் சொல்லும் விலாசத்தைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அவர்களிடம் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார்.

எலாதியோ அதை வந்து சொன்னதும் கிரெத்தெல் விலாசப் பட்டியலைத் திறந்தாள். அந்த விலாசங்கள் எல்லாம் அவள் கையால் ஏற்றியவை. ஆட்களை அவள் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டு கேட் என்ன நிறம், எந்த வீட்டில் மணி அடிக்கக் கூடாது, யார் வீட்டு மாட்டுக்கொட்டகை வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முட்டிவலிக்காரர்களும் மூச்சுத்திணறல்காரர்களும் இனி மழையில் பஸ் ஏறி வரிசையில் நிற்க வேண்டும். அது அவளுக்குத் தாங்கவில்லை.

"முடியும்" என்றாள்.

"எப்படின்னு கேட்டா சொல்லுவீங்களா?" என்றார் எலாதியோ.

"எப்படின்னு இன்னும் தெரியாது. ஆனா முடியும்."

முதல் பாதி சுலபமாகவே முடிந்தது. சொன்னதைப் புரிந்துகொள்ளும் புதுவகைக் கருவி ஒன்றை இரண்டு மாதமாக நோண்டிக்கொண்டிருந்தாள். விலாசத்தை வாக்கியமாகவே அதன் வாயில் போட்டால், புறப்படும் இடம் இது, திசை இது, தூரம் இது, வீட்டு அடையாளம் இது என்று பிரித்துக் கையில் கொடுத்தது. வருஷக்கணக்காகக் குப்பைபோல் ஒரே கட்டத்துக்குள் கிடந்த வாக்கியங்கள் வரிசையாகப் பிரிந்து வருவதைப் பார்த்து ஆபீஸ் நடுவில் ஒரு சுற்று ஆடிவிட்டாள். ரண்டால் கைதட்டினான். அப்புறம்தான் அவன் கேட்டான், "எல்லாம் சரி. புறப்படற எடம் எங்க இருக்கு?" பாதி இடங்கள் எந்த மேப்பிலும் இல்லை. மேப்புக்கு இன்று இருப்பது மட்டும்தான் தெரியும். இவர்களுடைய ஊரோ, இல்லாமல் போன சினிமாக் கொட்டகையிலும் மூடிப்போன சோப்புக் கம்பெனியிலும் நின்றுகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி வடிகட்டியில் காபி இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. மருந்தைக் கொடுத்ததும் ஓட்டுநர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த நொடி அவர் நிற்கும் இடம் டேட்டாபேஸில் பதிவாகும். யாரும் இதுவரை அதை எதற்கும் பயன்படுத்தியதில்லை. ஆக, எத்தனையோ வீடுகள் இருக்கும் இடம் தெரியும். மரத்திலிருந்து வீட்டுக்கு வழியும் தெரியும். அப்படியானால் வீட்டிலிருந்து பின்னாலேயே நடந்துபோனால்? தெற்கே என்று சொன்னதை வடக்கே, கிழக்கே என்று சொன்னதை மேற்கே. இலவ மரத்தைச் சொல்லும் அத்தனை வீடுகளும் இப்படிப் பின்னால் நடந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ள வேண்டும். முட்டும் இடம்தான் மரம்.

"எந்திரிங்க நுலோ" என்று நாயைக் காலால் தள்ளினாள். "வழியை விடுங்க, மரம் வருது."

நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. காபி வழிந்து அடுப்பில் ஓடியது. அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நிலத்தை அளக்கத் தெரிந்த டேட்டாபேஸில் அதை எழுதினாள். எழுதும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டாள், சிரித்துக்கொண்டாள். ஓட்டிப் பார்த்தாள்.

மரம் வரவில்லை. வீடுகள் பின்னால் நடந்து ஆளுக்கொரு திசையில் நின்றன. ஒருவர் சர்ச் கூரைமேல், ஒருவர் பள்ளிக்கூட மைதானத்தில், இன்னொருவர் ஆற்றுக்குள். மறுநாள் காலை அவள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.  ரண்டால், உள்ளே கறி வைத்துப் பொரித்த எம்பனாதா ஒன்றை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவளே அவனை இழுத்தாள். "வண்டியை எடுங்க. அந்த இலவ மரப் பேட்டைக்குப் போய் நடந்தே பாத்துடலாம்."

போனார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று, போனில் தூரம் அளக்கும் கருவியைத் திறந்துவைத்து, வடக்கே நூறு மீட்டர் நடந்தார்கள். அதாவது அடுத்த மூலைவரை. கிரெத்தெல் போனைப் பார்த்தாள். எழுபத்தெட்டு என்றது.

"போன் கெட்டுப்போச்சு" என்றாள்.

ரண்டால் தன் போனை எடுத்தான். அதுவும் அதையேதான் சொன்னது. அடுத்த மூலைக்கு நடந்தார்கள். அது தொண்ணூறுக்கும் மேல் போயிற்று. அதற்கடுத்தது அறுபதைத் தொடவே மூச்சு வாங்கியது.

"ரண்டால், நூறு மீட்டர்னா எவ்வளவு?"

"என்ன கேள்வி இது? ஒரு மூலையிலேர்ந்து அடுத்த மூலை."

"மூலைக்கு மூலை எவ்வளவு?"

"நூறு மீட்டர்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து நூறு மீட்டர், நூறு மீட்டர் என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஒரு நாளும் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரன் எவனாவது அந்தப் புரோகிராமை எழுதியிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். இவர்கள் நான்கு பேரும் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். ஆபீஸில் அத்தனை பேரும் அந்த நூறைப் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை.

"நாற்பது வருஷமா பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றாள் கிரெத்தெல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பொய் ஒண்ணும் இல்லை. நீங்க சொன்ன எடத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தாங்களே. மீட்டர்தான் தப்பு."

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஆபீஸுக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்தாள். மீட்டரைத் தூக்கி எறிந்தாள். புரோகிராம் இனி மூலைகளை எண்ணட்டும். நூறு என்றால் ஒரு மூலை தாண்டு, ஐம்பது என்றால் தெருவில் பாதி. அதற்குத் தெருவையும் மூலையையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் டேட்டாபேஸ் வேண்டும்.

"பழைய மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றான் ரண்டால் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கத்துத் தெருவை ஏத்துங்க. அவனைக் கைவிட்டது என் தப்புதான்."

சாயங்காலக் காபி நேரத்தில் ஓட்டினாள். புள்ளிகள் நகர்ந்தன. சர்ச் கூரையில் நின்றவர் இறங்கி வந்தார். ஆற்றில் நின்றவர் கரையேறினார். எல்லாரும் ஒரு தெருமுனையை நோக்கிக் கூடி வந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். அந்த முனையில் மேப் காட்டியது ஒரு டயர் கடையை. எலாதியோ பொறுக்க மாட்டாமல் அந்தக் கடைக்கே போன் போட்டார். உங்கள் கடைப் பக்கம் மரம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

"மரமா?" என்றார் கடைக்காரர். "அதை வெட்டி எத்தனையோ காலம் ஆச்சு. வேர் மட்டும் சாகலை. வருஷா வருஷம் தரையைப் பிளக்குது, நானும் சிமெண்ட் பூசிட்டே இருக்கேன். நீங்க வந்து எடுத்துக் கொடுப்பீங்களா?"

கிரெத்தெல் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரிக்காரர் படியேறி வந்துவிட்டார், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று. அவள் அவரைக் கட்டிப்பிடித்தாள். அன்றும் மறுநாளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனவை எழுந்து வந்தன. சினிமாக் கொட்டகை, சோப்புக் கம்பெனி, யாரோ ஒரு பேத்தோவின் மளிகைக் கடை. எதையும் அழிக்காத அந்தப் புது டேட்டாபேஸில் ஒவ்வொன்றையும் உட்காரவைத்தாள். சாப்பாடு மறந்துபோயிற்று. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

வியாழக்கிழமை தோன்யா ஸினியா வந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பை. உட்கார்ந்ததும் அதிலிருந்து ஒரு மருந்துப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தோன் நவுதிலியோ செகுரா" என்றார். "சர்க்கரை வியாதிக்காரர். ஒவ்வொரு தடவையும் இது திரும்பி வருது. மனுஷன் ரெண்டு பஸ் மாறி கவுண்டருக்கு வந்து, என்னோட சண்டை போட்டுட்டு வாங்கிட்டுப் போறார். இதைக் கண்டுபிடிங்க. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

விலாசம் இதுதான். 'பழைய ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வடக்கே முந்நூறு, மேற்கே ஐம்பது, நீலக் கதவு. மணி அடிக்க வேண்டாம், நாய் சொல்லிவிடும்.'

ஐஸ் ஃபேக்டரியைச் சொல்லும் வீடுகள் கொஞ்சம்தான் இருந்தன. பழைய ஓட்டுநர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தவை. கிரெத்தெல் ஓட்டினாள். புள்ளிகள் கூடின, அழகாக ஒரே இடத்தில் நின்றன. அவள் மேப்பைப் பெரிதாக்கினாள்.  அந்த இடம் பெரிய நெடுஞ்சாலையின் நட்டநடு. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் பஸ்.

"ஐஸ் ஃபேக்டரி ஹைவே நடுவுலயா?" என்றார் ஸினியா. குரலில் கேலிகூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி கிரெத்தெல். நீங்க உழைச்சிருக்கீங்க, எனக்குத் தெரியுது. ஆனா நான் மருந்து கொடுக்கணும்."

 எலாதியோ வேறு மாகாணம், குவானகாஸ்தேக்காரர், அந்தப் பக்கத்துப் பழைய கதை தெரியாது. ரண்டாலுக்கும் தெரியாது. கிரெத்தெல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தப்பு? மறுபடியும் ஏதாவது நூறு மீட்டரா? வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாலைக்கு இந்தப் பக்கத்து வீடுகள் வடக்கே போகச் சொல்லின. அந்தப் பக்கத்து வீடுகள் தெற்கே போகச் சொல்லின. இரண்டு பக்கத்துக்காரர்களும் நெடுஞ்சாலையில் வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இத்தனை பேர் ஒரே இடத்தில் எப்படித் தப்பாக வந்து நிற்பார்கள்?

"ரோடு வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.  "தோன்யா ஸினியா, எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா அந்தப் பொட்டலத்தை ரண்டால்கிட்ட கொடுங்க. அவர் போய்ட்டு வரட்டும். கதவு திறக்கலைன்னா நீங்க தாராளமா கையெழுத்துப் போடுங்க."

புரோகிராம் காட்டிய வீட்டுக்கு ரண்டால் பறந்தான். இங்கே மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அது அடித்ததும் கிரெத்தெல் அதை எல்லாரும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள்.

"வந்துட்டேன்" என்றான் ரண்டால். லாரி இரைச்சல் கேட்டது. "வீடு இருக்கு. ஆனா கதவு நீலம் இல்லை. பச்சை."

ஸினியா பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தார். கிரெத்தெல் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது போனுக்குள் ஒரு நாய் வெறிபிடித்த மாதிரி குரைத்தது. அதன்மேல் ஏறிக்கொண்டு ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"யாரது? என்ன விக்கறீங்க? எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"விக்கலை தோன். மருந்து கொண்டுவந்திருக்கேன். நீலக் கதவு தோன் நவுதிலியோ வீடு எதுன்னு..."

"நீலம் உரிஞ்சு போச்சு, பச்சை அடிச்சேன். அதுக்காக விலாசத்தை மாத்துவாங்களா?" நாய் மறுபடி குரைத்தது. "உங்களுக்கு ஐஸ் ஃபேக்டரியைத் தெரியுமா? அதை இடிச்சுத்தானே இந்த ரோட்டைப் போட்டாங்க. நான் அங்க வேலை பாத்தவன். இப்ப இருக்கற பசங்க எவனுக்கும் தெரியலை. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

கிரெத்தெல் போனுக்குக் குனிந்தாள்.  "உங்க பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க, தோன் நவுதிலியோ. ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்தும், அந்தப் பக்கத்துலேர்ந்தும்."

"அந்தப் பக்கத்துலயும் ஞாபகம் வெச்சிருக்காங்களா?" என்றார் கிழவர். நாயை அதட்டி அடக்கினார். "அங்க இருந்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்."

ஸினியா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தோன் நவுதிலியோ, ஸினியா பேசறேன். கவுண்டர் ஸினியா."

"நீங்களா? அடுத்த மாசம் எத்தனை மணிக்கு வந்து நிக்கணும், சொல்லிடுங்க."

"வர வேண்டாம். நீங்க வீட்டுலயே இருங்க, நாங்க வர்றோம்."

கிரெத்தெல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுகிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. எலாதியோ கைக்குட்டையைத் தேடி எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ கொட்டும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். ஸினியா துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்திருந்தார். திரும்பி வந்த மருந்துப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம்.

"அப்ப இவங்கள்லாம் எங்க இருக்காங்க?" என்றார் ஸினியா. "உக்காருங்க, நான் வாசிக்கறேன்."